கால்களுக்குப் பெரட்டு

“பெரியவளே, எந்திரி. சின்னவளே, நீ என்ன இன்னும் சுருண்டுகிட்டு கெடக்க? பெரட்டு அடிச்சு எம்புட்டு நேரமாச்சு.”

முருகையா இப்படி அதட்டுவதைக் கேட்டால், அந்த வீட்டில் இரண்டு சோம்பேறிப் பெண்கள் இருக்கிறார்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். இருந்தது ஒரே மகள், நிரஞ்சலா. பெரியவள் என்பது அவளுடைய வலது கால். சின்னவள் இடது கால். விடிந்து தேத்தண்ணி குடித்த கையோடு அவர் அவள் கட்டில் ஓரத்தில் வந்து உட்காருவார். தோட்டத்தில் காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார்களே, அந்தப் பெரட்டை இந்த இரண்டு கால்களுக்கும் நடத்துவார். ஒன்றைத் தூக்கி முழங்காலை மடக்கி நெஞ்சுப் பக்கம் கொண்டுபோவார். மெல்ல நீட்டுவார். கணுக்காலைச் சுழற்றுவார். விரல்களைக் கொழுந்து கிள்ளுகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பிடித்து விரிப்பார். கால் விறைத்துக்கொண்டு மடங்க மறுத்தால், “இன்னைக்கு ஒனக்கு அரப்பேருதான் போ” என்று அரை நாள் வேலைக் கணக்கில் தள்ளிவிடுவார்.

“சின்னவளுக்கு நேத்தும் அரப்பேருதானப்பா. சங்கத்துல போயி சொல்லிறப்போறா, பாத்துக்கங்க” என்பாள் நிரஞ்சலா.

“சங்கத்துக்கு நடந்து போவாளாமா? போகட்டும், அத விட எனக்கு என்ன வேணும்.”

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவளும் சிரிப்பாள். அடுத்த வீட்டு அங்கம்மா மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

நமுனுகுல மலைக்குக் கீழே, பசறையிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையின் கடைசியில் இருக்கிறது, ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் ஒட்டிய அந்த லயம். மார்கழிக் காலையில் அங்கே பேசினால் பேச்சு வாயருகிலேயே உறைந்துபோய், வெயில் ஏறிய பிறகுதான் உருகிக் காதில் விழும் என்பார்கள். ஒருதரம் விடியற்காலையில் நடந்த புருஷன் பெண்டாட்டி சண்டை மத்தியானம் உருகிற்றாம். அதற்குள் சமாதானமாகி ஒரே தட்டில் சோறு தின்றுகொண்டிருந்த இரண்டு பேரும் அந்தப் பழைய வசவுகளைக் கேட்டு, புதிதாக ஒரு சண்டையை ஆரம்பித்தார்களாம். நம்புகிறவர்கள் நம்பலாம். முருகையாவின் குரலை மட்டும் எந்தக் குளிராலும் உறைய வைக்க முடிந்ததில்லை. அவர் கங்காணியாக இருந்த நாளில் இந்த மலையில் நின்று சத்தம் போட்டால் எதிர்மலைத் தோட்டத்து ஆட்களும் பயந்துபோய் வேகமாகக் கொழுந்து பறிப்பார்களாம். அந்தக் கொழுந்துக்கும் தனக்குத்தான் பேர் வரவேண்டும் என்று அவர் தோட்டத்தை ஆளும் துரையிடம் வாதாடியதாகவும் ஒரு கதை உண்டு.

நிரஞ்சலா விழுந்ததும் அந்தக் குரல் எட்டுகிற தூரத்தில்தான். மழை விட்டும் விடாத ஒரு காலை. கொழுந்துச் சாக்கோடு சரிவில் இறங்கியவளுக்குக் கால் வழுக்கியது. கீழே கருங்கல் பதித்த கான். தண்ணீர் ஓட வெட்டிய அந்த வாய்க்காலின் விளிம்பில் அவளுடைய நடு முதுகு போய் மோதியது. “அப்பா, கால் எங்க இருக்குன்னு தெரியலப்பா” என்றாள். பேசுகிறாள், கண்ணைத் திறந்து பார்க்கிறாள், ரத்தமும் இல்லை. பெரிதாக ஒன்றுமிருக்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மலையில் யார் விழுந்தாலும் செய்கிறதைத்தான் முருகையாவும் செய்தார். குனிந்து மகளை முதுகில் போட்டுக்கொண்டார். அவள் கைகளைத் தன் கழுத்தைச் சுற்றி இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க ரோட்டுக்கு ஏறினார். கொழுந்து லொறியில் மூட்டைகளுக்கு நடுவே சாய்த்து உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள்.

ஆசுபத்திரியில் டாக்டர் எலும்புப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார். முருகையா கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்: “நாந்தாங்க, ஒத்த ஆளா முதுகுல தூக்கியாந்தேன்.”

டாக்டர் ஒன்றும் சொல்லாமல் படத்தை உறைக்குள் போட்டார்.

விழுந்தபோதே நரம்பு நசுங்கியதா, தூக்கியபோது நசுங்கியதா என்று யாராலும் சொல்ல முடியாது என்று பிறகு பார்த்த டாக்டர்கள் எல்லோரும் சொன்னார்கள். முருகையாவிடம் அது எடுபடவில்லை. வாய் திறந்து சொன்னவர்களை அவர் மறந்துவிட்டார். ஒன்றும் சொல்லாத அந்த முதல் டாக்டரைத்தான் இன்றைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

நிரஞ்சலாவைக் கட்டிய மருமகன் சதீஸ்குமார் கொழும்பில் கடை வேலைக்குப் போனான். முதலில் தினமும் போன் வந்தது. அப்புறம் தீபாவளிக்கு வந்தது. அப்புறம் நம்பர் மட்டும் மிச்சமிருந்தது. மனைவியை எப்போதோ மண்ணுக்குக் கொடுத்துவிட்ட முருகையா, தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மறுநாளே மகளிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அதுவும் கங்காணி வேலைதான். ஆசுபத்திரியில் சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் அவர் தோட்டத்து வேலையாக மாற்றிக்கொண்டார். ஒரே பக்கம் படுத்தால் புண் வரும் என்பதால் இரவும் பகலும் இரண்டு மணிக்கொரு தரம் அவளைத் திருப்பிப் படுக்கவைப்பதற்கு ‘மலை மாத்துறது’ என்று பெயர். சிறுநீர்க் குழாய்ப் பையைக் காலி செய்வது ‘கான் வெட்டுறது’. குதிகாலிலும் முழங்கையிலும் தோல் சிவந்திருக்கிறதா என்று டோர்ச் அடித்துத் தேடுவது, தேயிலை வரிசையைச் சரிபார்ப்பதுபோல, ‘நெற பாக்குறது’. குளிப்பாட்டுவதும் முதுகுப் பக்கம் பார்ப்பதும் அங்கம்மாவின் பொறுப்பு. அந்த நேரத்தில் முருகையா வெளியே போய்த் தேயிலையைப் பார்த்தபடி நிற்பார். மழையானாலும் உள்ளே வரமாட்டார். “முடிஞ்சிருச்சு, வாங்கண்ணே” என்று அங்கம்மா கூப்பிட்டால்தான் திரும்புவார். திரும்பியதும் அவளுக்கு மேற்பார்வையும் நடக்கும்: பவுடர் போட்டாயா, மடிப்பில் ஈரம் துடைத்தாயா. “நா என்ன நேத்து பேர் பதிஞ்ச ஆளா?” என்று அவள் முறைத்துக்கொண்டு போவாள்.

ஒரு மாசி மாதம் பெரியவள் தானாக உதறினாள். போர்வைக்குள் வலது கால் துள்ளி அடங்கியதை முருகையா தன் கண்ணால் பார்த்தார். அன்று அந்த லயத்தில் சீனி கிடைக்காத வாய் இல்லை. கோயில் மணியை நேரம் காலம் பார்க்காமல் அடித்தார். அடுத்த கிளினிக்கில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். அடிபட்ட நரம்பு அப்படித்தான் சில சமயம் தசையை இழுக்கும், அவள் சொல்லிக் கால் அசையவில்லை, அது குணமாகிற அறிகுறி இல்லை என்றார். திரும்பி வரும் வழி முழுக்க முருகையா பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலைப் பெரட்டில் வழக்கம்போல இரண்டு பேரையும் அதட்டினார். பெரியவளுக்கு மட்டும் கேட்காமலே முழுப் பேர் போட்டார்.

அவருடைய கவனிப்பில் ஒரு குறை இருந்ததென்றால், குறையே இல்லாததுதான். நிரஞ்சலாவுக்கு இடுப்புக்குக் கீழேதான் உணர்ச்சி இல்லை. கைகள் இரண்டும் கொழுந்து பறித்து உரமேறியவை. தானே புரண்டு படுக்க முயன்றால், “சும்மா இரு, நா எதுக்கு இருக்கேன்” என்று ஓடி வருவார். யாரோ கொடுத்த சக்கர நாற்காலி ஒன்று வாசலில் நின்றது. அந்தச் சரிவில் அதை உருட்டினால் நிரஞ்சலா நேரே பசறை பஸ் ஸ்டாண்டில்தான் போய் நிற்பாள். அதனால் அது கோழி முட்டையிடும் இடமாயிற்று. “எங்கூட்டுல எல்லாத்துக்கும் நாற்காலி இருக்கு, கோழிக்குக்கூட” என்று நிரஞ்சலா வருகிறவர்களிடம் சொல்வாள். அதைக் கேட்டு எப்படிச் சிரிப்பதென்று தெரியாமல் ஆட்கள் தேத்தண்ணியைக் குடிப்பார்கள்.

இதற்கிடையில் முருகையாவின் கண்ணில் பூ விழுந்தது. முதலில் மூடுபனி என்று நினைத்தார். மூடுபனி வெயிலிலும் போகாமல் நின்றபோது அவருக்குப் புரிந்தது. வெளியே சொல்லவில்லை. ஒருநாள் பாதையில் எதிரே வந்த கறுத்த எருமைக்கு, “வாங்க கிளாக்கரையா” என்று வணக்கம் சொன்னாராம். அது சுத்தப் பொய் என்று அவர் சத்தியம் செய்கிறார். கிளாக்கர்தான் அதற்குப் பிறகு அவருடன் பேசுவதில்லை. பசறை ஆசுபத்திரியில் சத்திர சிகிச்சை செய்யலாம் என்றார்கள். செய்த பிறகு கொஞ்ச நாளைக்குக் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். குனியாமல் தூக்காமல் மகளை யார் திருப்பிப் படுக்கவைப்பது? வேறு எதையும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டார். டோர்ச்சை முன்னைவிடக் கிட்டத்தில் பிடித்தார். தெரியாததை விரலால் தடவிப் பார்த்தார். நிரஞ்சலாவுக்கு இது தெரியாமலில்லை. அவர் மறைப்பதை அவளும் சேர்ந்து மறைத்தாள்.

மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து கௌசிகா வருவாள். ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பெண். முதுகெலும்பில் அடிபட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு சிறு அமைப்பில் வேலை. முருகையா அவளை ‘மிஸ்ஸி’ என்பார். அவள் வருகிற நாளில் துரை சுற்றிப்பார்க்க வருவதுபோலக் தங்கள் காம்பரா அறையைக் கூட்டி மெழுகி வைப்பார்.

அந்தத் தை மாதம் குளிர் கொடியில் போட்ட துணியைப் பலகையாக்கிக்கொண்டிருந்தது. லயத்தில் எல்லோரும் செய்கிற மாதிரி முருகையாவும் பழைய சாராயப் போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, துணி சுற்றி, மகளின் காலடியில் கம்பளிக்குள் வைத்தார். குளிர்காலத்தில் அங்கே பிள்ளைகளுக்கும் கிழவர்களுக்கும் இதுதான் வைத்தியம். சூடு அதிகமானால் பிள்ளை காலை இழுத்துக்கொள்ளும். பெரியவளுக்கும் சின்னவளுக்கும் இழுத்துக்கொள்ளத் தெரியாது. சுற்றிய துணி கழன்றது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணாடி தன் தோலில் ஒட்டிக் கிடந்தது நிரஞ்சலாவுக்கும் தெரியவில்லை. காலையில் அவர் பெரட்டு நடத்தி, குளிருக்குக் கம்பளிக் காலுறையும் மாட்டிவிட்டார்.

அன்றைக்குத்தான் கௌசிகா வந்தாள். நிரஞ்சலாவின் காலுறையைக் கழற்றினாள். இடது குதிகாலில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தோல் பொங்கி, ஒரு பக்கம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

“ஐயா, இது எப்படி ஆச்சு?”

முருகையா டோர்ச்சை எடுத்துக்கொண்டு வந்தார். அவள் காட்டிய இடத்திலேயே வெளிச்சத்தை அடித்தார். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோனார். நேராக அந்தக் கொப்புளத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“எங்க?”

அந்த ஒரு சொல்லில் அவர் இத்தனை காலம் கட்டிக் காத்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது. அங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். நிரஞ்சலா கூரைத் தகரத்தைப் பார்த்தாள். கௌசிகா அவர் விரலைப் பிடித்துக் கொப்புளத்தின் ஓரத்தில் வைத்தாள். தொட்டதும் அவர் கையை உதறிக்கொண்டார், சுட்டது தன்னைத்தான் என்பதுபோல.

உணர்ச்சி இல்லாத காலில் இந்த மாதிரிப் புண் உள்ளே இறங்கினால் எலும்புவரை போகும், காலையே எடுக்கவும் நேரலாம் என்று கௌசிகா ஒளிக்காமல் சொன்னாள். மொனராகலையில் முதுகெலும்பு அடிபட்ட பெண்களுக்கென்று ஒரு இல்லம் இருக்கிறது, ஒரு கட்டில் காலியாகியிருக்கிறது, புண்ணுக்கு மருந்து கட்டவும் தாதி உண்டு, தானே எழுந்து நாற்காலியில் ஏறவும் தையல் வேலைக்கும் பழக்குவார்கள் என்றாள். அந்தக் கிழமை முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கட்டில் வேறொருத்திக்குப் போய்விடும்.

“நா போறேன் மிஸ்” என்றாள் நிரஞ்சலா. யோசித்துச் சொன்னது மாதிரி இல்லை. எப்போதோ யோசித்து வைத்திருந்தது மாதிரி இருந்தது.

கௌசிகா போன பிறகு முருகையா பேச்சை நிறுத்தினார். சமைத்தார், திருப்பினார், பையைக் காலி செய்தார். எல்லாம் ஊமைப் பெரட்டு. கோயில் மணி தொண்டை கட்டிக்கொண்டதுபோல லயமே தடுமாறிப் போயிற்று. ஆட்கள் வேலைக்குப் பிந்திப் போனார்கள் என்றுகூடச் சொல்கிறார்கள். இரண்டு நாள் கழித்து, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

“இங்க ஒனக்கு என்ன கொற வச்சேன்?”

“ஒரு கொறயும் வைக்கலப்பா.”

“அப்பறம் என்னத்துக்குப் போற? முதுகுல தூக்குனது நாந்தான். போத்தல் வச்சதும் நாந்தான். அதுக்குத்தான போற?”

நிரஞ்சலா அவர் கையை எட்டிப் பிடித்தாள். சோற்றுக் கை. “அப்பா, இங்க கேளுங்க. நீங்க போய்ச் சேந்தப்பறம் என்னைய யாராவது அங்க கொண்டுபோயி போடத்தான் போறாங்க. அப்ப எனக்கு நீங்களும் இருக்க மாட்டீங்க, ஒண்ணும் பழகியும் இருக்காது. ரெண்டையும் ஒண்ணா தாங்க மாட்டேம்ப்பா. நீங்க இருக்கயிலயே போயி, நீங்க இல்லாம இருக்கப் பழகிக்கிறேன்.”

அவர் கையை உருவிக்கொண்டு எழுந்துபோய், வாசலில் தேயிலையைப் பார்த்து நின்றார். அவருக்கு அந்தத் தேயிலை அப்போது ஒரே பச்சைப் புகைதான். அங்கம்மா வந்து கூப்பிடும்வரை உள்ளே வரவில்லை.

கிழமைக் கடைசியில் கௌசிகா பதிலுக்கு வந்தாள். முருகையா ஒரு கேள்விதான் கேட்டார்.

“மிஸ்ஸி, அங்க குளுருமா?”

“மொனராகலைங்களா ஐயா? எரிக்கிற வெயில்.”

“அப்பச் சரி. போத்தல் தேவப்படாது.”

நிரஞ்சலாவைக் கீழே கொண்டுபோன அன்று முருகையாவைத் தூக்க விடவில்லை. லயத்து ஆண்கள், கௌசிகா கொண்டுவந்த பலகையில் அவளைப் படுக்கவைத்து, அசையாமல் பட்டி போட்டுக் கட்டி, பாதைக்கு இறக்கினார்கள். அங்கே ஷுக்ரி நானாவின் வேன் காத்திருந்தது. முருகையா முன்னே நடந்தார். “எடது பக்கம் கல்லு. மெதுவா. இந்தா வழுக்கும்” என்று அந்தப் பழைய குரலில் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கல்லும் அவர் கண்ணுக்குத் தெரியாது என்று தூக்கியவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொன்ன இடத்தில் எல்லாம் கல் இருந்தது. வேன் கதவு சாத்தும்போது, அவளை ஏற்றப் பயன்பட்ட பலகையை அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். கௌசிகா எதற்கென்று கேட்டாள். “இங்கயும் ஆளுக விழுவாங்கதான மிஸ்ஸி” என்றார். அந்தப் பலகை இப்போது பெரட்டுக்களத்துக் கொட்டகையில் தொங்குகிறது.

பாரம் தூக்க ஒன்றுமில்லாத வீட்டில் அவர் கண்ணுக்குச் சத்திர சிகிச்சை செய்துகொண்டார். குனியாதே, தூக்காதே என்று டாக்டர் சொன்னபோது தலையாட்டினார். கட்டு அவிழ்த்து வீட்டுக்கு வந்ததும் காம்பரா எவ்வளவு அழுக்காக இருக்கிறதென்று பார்த்துத் திடுக்கிட்டாராம். இதிலா என் பிள்ளையைப் போட்டு வைத்திருந்தேன் என்று அங்கம்மாவிடம் கேட்டார். அங்கம்மா அவரிடம் சண்டை போடாமல் போன ஒரே நாள் அது.

பங்குனியில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, லுணுகலை வழியாக இறங்கும் பஸ்ஸில் மொனராகலைக்குப் போனார். இல்லத்து வளவு முழுக்கச் சமதரை. அவருக்கு அது பிடிக்கவில்லை. மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று வாசல் காவல்காரரிடம் விசாரித்தார். அந்த ஆள் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். முருகையா வேப்பமரத்தடியில் கிடந்த நீள வாங்கில் போய் உட்கார்ந்தார். அதன் முன்னால் நேராக ஒரு சீமெந்துப் பாதை கட்டடத்துக்குப் போயிற்று.

பாதையின் மறுமுனையில் ஒரு சக்கர நாற்காலி தெரிந்தது. பின்னால் தள்ள யாருமில்லை. அதில் இருந்தவள் தன் இரண்டு கையாலும் சக்கரத்தை அழுத்தி அழுத்தி வந்துகொண்டிருந்தாள். கிட்டே வரவர முகம் தெளிந்தது. புதுக் கண்ணுக்கு முதலில் பட்டது காதோரத்து நரை. தன் மகளுக்கு நரை விழுந்திருந்தது அவருக்குத் தெரியாது. எப்போது விழுந்ததென்றும் தெரியாது. குதிகாலில் கட்டு இல்லை, புண் ஆறியிருந்தது.

முருகையா எழுந்து, வழக்கம்போல நாற்காலிக்குப் பின்னால் போகப் பார்த்தார்.

“வேணாப்பா. தள்ளாதீங்க. நா வாசக் கேட்டு வரைக்கும் போயி திரும்பி வந்து காட்டுறேன், பாத்துக்கிட்டு மட்டும் இருங்க.”

தோட்டத்துப் பாதையில் துரை வந்தால் ஆட்கள் பாதையை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கி நிற்பது அந்தக் காலத்திலிருந்து வந்த வழக்கம். கங்காணியாக இருந்தபோது முருகையா அதைப் பாதிதான் செய்வார். ஒரு கால் மண்ணில், ஒரு கால் பாதையில். முழுதாக இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. இப்போது அவர் சீமெந்தை விட்டு இரண்டு காலையும் புல்லில் வைத்து இறங்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மகள் தன்னைக் கடந்து போகும்வரை அப்படியே ஒதுங்கி நின்றார்.